காரும் டிரெய்லரும்: முன்பாரமா, பின்பாரமா?

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுவதைக் கவனித்திருக்கிறீர்களா? மூட்டைகளை அடுக்கியதும் வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். மிகவும் கனத்தால் முன்பாரம். மாட்டின் கழுத்து நோகும். நுகத்தடி தானே மேலே எழும்பினால் பின்பாரம். கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். இரண்டுக்கும் நடுவே, நுகத்தடி சற்றே கீழ்நோக்கி அழுத்தும்படி மூட்டைகளை நகர்த்தி வைத்த பிறகே அவர் மாட்டைப் பூட்டுவார். அவர் செய்து பார்ப்பது திருப்புத்திறன் சோதனையே.

அமெரிக்காவில் பல குடும்பங்கள் எஸ்.யு.வி. எனப்படும் உயரமான காரின் பின்னால் இரு சக்கரச் சிறு டிரெய்லரை மாட்டி மரச்சாமான், பலகை, தோட்டத்து மண் முதலியவற்றை ஏற்றிச் செல்கின்றன. மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அந்த வண்டிக்கும் இதே விதிதான். ஆனால் அங்கே பிழை நேர்ந்தால் விளைவு கழுத்து வலியோடு நிற்பதில்லை.

இழுப்பதா கடினம்?

"பெரிய கார், வலுவான எஞ்சின், எதையும் இழுத்துவிடும்" என்று எண்ணத் தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். காற்றடித்த டயர்களின் மேல் சமதளத்தில் மெல்ல உருளும் 600 கிலோ டிரெய்லரை நகர்த்த, அதன் எடையில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு விசை, அதாவது சுமார் 6 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். பத்துக்கு ஒன்று ஏறும் மேட்டில் கூடுதலாக 60 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். எஞ்சினுக்கு இது பெரிதன்று. டிரெய்லரை நேராக ஓட வைப்பதும் நிறுத்துவதுமே கடினம்.

இணைப்பு

காரின் அடிச்சட்டத்தோடு சேர்த்துப் போல்ட்டு முடுக்கிய இரும்புச் சட்டம்தான் இணைப்பின் அடிப்படை. வெறும் பம்பரில் மாட்டுவது நன்றன்று. அச்சட்டத்தில் சதுரக் குழாய் ஒன்று உண்டு. சிறு சுமைக்கான குழாய் ஒன்றேகால் அங்குலம், அதற்கு மேற்பட்டவற்றில் பெரும்பாலும் 2 அங்குலம். அதனுள் செருகும் தண்டின் முனையில் எஃகுக் குண்டு இருக்கும். டிரெய்லரின் மூக்கிலுள்ள கிண்ணம் அதன்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். நம் தோள் மூட்டைப் போன்ற பந்துக்கிண்ண மூட்டு இது.

அமெரிக்காவில் 1 7/8, 2, 2 5/16 அங்குலம் என மூன்று அளவுக் குண்டுகள் வழக்கில் உள்ளன. குண்டும் கிண்ணமும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். இரண்டு அங்குலக் கிண்ணம் சிறிய குண்டின் மேலும் பூட்டியதுபோலத் தோன்றும். ஆனால் மேடு பள்ளத்தில் கழன்றுவிடலாம். இதற்காகவே இரண்டு காவற்சங்கிலிகளை மூக்கின் அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக மாட்டுகிறார்கள். மூக்கு கழன்றாலும் தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். டிரெய்லரின் பின்விளக்கு, திரும்பும் விளக்கு, பிரேக் விளக்கு ஆகியவற்றுக்குக் காரிலிருந்து மின்கம்பி இணைத்து, புறப்படுமுன் ஒவ்வொன்றும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கார், சட்டம், குண்டு, டிரெய்லர், டயர் ஒவ்வொன்றுக்கும் தாங்கும் எடை வரம்பு குறிக்கப்பட்டிருக்கும். இவற்றுள் எது மிகக் குறைவோ அதுவே மொத்த வரம்பு.

மூக்குப் பாரம்

குண்டின் மேல் டிரெய்லர் கீழ்நோக்கி அழுத்தும் எடையை மூக்குப் பாரம் என்போம். அமெரிக்க வழக்கப்படி இது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருத்தல் வேண்டும். பிரிட்டனில் 5 முதல் 7 விழுக்காடு என்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. வெற்று டிரெய்லர் 200 கிலோ, அதன் மூக்குப் பாரம் 20 கிலோ, குண்டுக்கும் அச்சுக்கும் இடையே தூரம் 2.5 மீட்டர் என்று கொள்வோம். இதில் 400 கிலோ சரக்கை ஏற்றுகிறோம்.

சரக்கின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு நேர்மேலே இருந்தால் மூக்குப் பாரம் கூடாது. அதே 20 கிலோ, அதாவது 3.3 விழுக்காடுதான். சரக்கை 25 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தினால் 400 × 0.25 ÷ 2.5 = 40 கிலோ கூடி 60 கிலோ ஆகிறது. இது சரியாக 10 விழுக்காடு. மாறாக 25 சென்டிமீட்டர் பின்னே நகர்த்தினால் 40 கிலோ குறைந்து, டிரெய்லர் குண்டை 20 கிலோ விசையோடு மேலே தூக்கத் தொடங்கும். ஒரு சாண் தூரம் முன்பாரத்தைப் பின்பாரமாக்கிவிடுவதைப் பாருங்கள்!

மூக்குப் பாரம் அளவுக்கு மீறினாலும் தொல்லைதான். காரின் பின் அச்சுக்கு 1.1 மீட்டர் பின்னால் 60 கிலோ அழுத்துகிறது. முன், பின் அச்சுகளின் இடைவெளி 2.7 மீட்டர் என்க. பின் அச்சு நெம்புகோலின் தாங்கியாகச் செயல்பட, முன் அச்சின் சுமை சுமார் 24 கிலோ குறைகிறது. பின் அச்சின் சுமை சுமார் 84 கிலோ கூடுகிறது. இது பொறுத்துக்கொள்ளத்தக்கது. மூக்குப் பாரம் 200 கிலோவானால் முன் அச்சு 80 கிலோவுக்கு மேல் இழக்கும். முன்சக்கரங்களின் பிடிப்பு தளரும். பின்புறம் தாழ, முன்விளக்கின் ஒளி உயர்ந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

டிரெய்லர் ஏன் வாலாட்டுகிறது?

பக்கக் காற்று டிரெய்லரின் வாலைச் சற்றே ஒதுக்குகிறது. இப்போது டயர்கள் நோக்கும் திசை வேறு, செல்லும் திசை வேறு. அதனால் டயரில் பக்க விசை தோன்றி டிரெய்லரை நடுக்கோட்டுக்குத் திருப்புகிறது. ஆனால் நிலைமம் காரணமாக அது நடுவில் நில்லாமல் மறுபுறம் போகிறது. இதுவும் ஊசலே: குண்டுதான் தொங்குபுள்ளி, புவியீர்ப்பின் வேலையை டயர்கள் செய்கின்றன.

மெதுவாகச் செல்லும்போது இந்த ஆட்டம் விரைவில் அடங்கிவிடும். வேகம் கூடக்கூட அடங்குவது குறைகிறது. ஏன்? வால் பக்கவாட்டில் அசையும் வேகத்துக்கும் வண்டி முன்செல்லும் வேகத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தே டயரின் தணிக்கும் விசை அமைகிறது. முன்வேகம் இரட்டித்தால் தணிப்பு ஏறக்குறையப் பாதியாகும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குமேல் ஆட்டம் அடங்குவதற்குப் பதிலாக ஒவ்வொரு வீச்சிலும் பெருகும். அதற்கு வேண்டிய ஆற்றல் வண்டியின் ஓட்டத்திலிருந்தே கிடைக்கிறது. இந்த மாறுநிலை வேகத்தைப் பின்பாரம் வெகுவாகக் குறைத்துவிடும். அப்போது வால் காரையே இருபுறமும் ஆட்டிக் கவிழ்க்கவும் கூடும்.

சரக்கை இரு முனைகளிலும் பிரித்து வைத்தும் மூக்குப் பாரத்தைச் சரி செய்யலாமே எனலாம். அதிலும் இடர் உண்டு. மையத்திலிருந்து 20 சென்டிமீட்டரில் உள்ள எடையை 1 மீட்டருக்குத் தள்ளினால், தூரம் 5 மடங்கு. நிலைமத் திருப்புத்திறனோ 25 மடங்கு! அத்தகைய வண்டி ஆடத் தொடங்கினால் அடங்குவது கடினம். ஆகவே கனமான பொருளை அச்சுக்குச் சற்று முன்னால், தாழ்வாக, நகராதபடி கட்டி வைக்க வேண்டும்.

ஆட்டம் தொடங்கிவிட்டால்? வேகத்தைக் கூட்டக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகம் தானே குறைய விடவேண்டும். காரின் பிரேக்கைத் திடீரென மிதித்தால் டிரெய்லர் காரை முந்தப் பார்க்கும். இக்காலக் கார்கள் பலவற்றில் ஆட்டத்தை உணர்ந்து சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் செய்யும் மின்னணு அமைப்பு உண்டு. அது உதவும், ஆனால் பின்பாரத்தை முன்பாரமாக்காது.

நிறுத்தும் தூரம்

சிறு டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் இல்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி 750 கிலோ வரையுள்ள டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயமில்லை. எனவே 1,800 கிலோ காரின் பிரேக்குகளே 2,400 கிலோவையும் நிறுத்த வேண்டும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக் பிடித்த பிறகு 45 மீட்டரில் நிற்கும் கார், டிரெய்லருடன் சுமார் 60 மீட்டர் ஓடும். அந்த 15 மீட்டருக்குள் ஒரு குழந்தை நிற்கலாம். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளின் வேக வரம்பை மணிக்கு 55 மைலாக, அதாவது சுமார் 88 கிலோமீட்டராக, வைத்திருப்பதன் பொருள் இப்போது விளங்கும்.

வீட்டுத் தராசில் அளக்கலாம்

மூக்குப் பாரத்தை அளக்க, ஆள் எடை பார்க்கும் தராசே போதும். சமதளத்தில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலுள்ள குழாயிலும் மறுமுனையைத் தராசின் மீதும் கிடையாக வையுங்கள். தாங்கு புள்ளிகளின் இடைத்தூரம் 90 சென்டிமீட்டர் இருக்கட்டும். குழாயிலிருந்து 30 சென்டிமீட்டரில் டிரெய்லரின் மூக்கை இறக்கினால் தராசு மூன்றில் ஒரு பங்கையே காட்டும். பலகையின் எடைக்குத் தராசு முன்பே காட்டியதைக் கழித்து, மூன்றால் பெருக்கினால் விடை.

நம் ஊரில் கரும்பேற்றிய இரு சக்கர டிரெய்லரை இழுக்கும் டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டு எழுவதற்கும் நாம் மேலே கண்ட நெம்புகோலே காரணம். அடுத்த முறை அதைப் பார்க்கும்போது, எடை எங்கே அழுத்துகிறது, தாங்கி எது என்று நீங்களே வரைந்து கணக்கிட்டுப் பாருங்கள்.