டேர்போ பூட்டிய காரை விரட்டுவதற்கு முன்...

சாதாரண பெற்றோல் காருக்கு டேர்போ பூட்டினால் இயந்திரத்துக்குள் செல்லும் காற்று கூடும். கணினி பழைய கணக்கிலேயே பெற்றோல் விட்டால் வெப்பம் ஏறி, ‘நொக்கிங்’ எனப்படும் முறையற்ற வெடிப்பு உண்டாகும், பிஸ்டனே உடையலாம்.

எனவே குறைந்த டேர்போ அழுத்தத்தில் தொடங்குங்கள். சாதாரண ஓட்டத்தில் 1 பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று. முழு அழுத்தத்தில் காற்று 11.5 பங்களவுக்கு இறங்கும்படி பெற்றோலைக் கூட்டுங்கள். இதை அளக்க அகலவீச்சு ஒட்சிசன் உணரி அவசியம். தீப்பொறி நேரத்தைப் பிந்தவைத்துத் தொடங்கி, ஒவ்வொரு பாகையாக முற்படுத்துங்கள். நொக்கிங் கேட்டால் உடனே காலை எடுத்துவிட்டு, நேரத்தைப் பின்தள்ளுங்கள். அழுத்தம் எல்லை மீறினால் பெற்றோலைத் துண்டிக்கும் பாதுகாப்பையும் முதலிலேயே கணினியில் இட்டுவிடுங்கள்.

ஓட்டுபவர் வீதியைப் பார்க்க, இன்னொருவர் திரையைப் பார்க்கட்டும். 95 ஒக்டேனுக்குச் சரிசெய்த காருக்கு 92 ஊற்றினால் அதே ஆபத்துத் திரும்பும்.