பூத்து ஓய்ந்த பின் கார்த்திகைப்பூ



செடி பூத்துக் குலுங்கும்போது அதனைப் போற்றாதார் இலர். பூ உதிர்ந்த பின்னரோ அதனைத் திரும்பிப் பார்ப்பாரும் இலர். ஆயினும், அடுத்த ஆண்டுப் பூவுக்கு வேண்டிய உணவை ஒரு செடி சேமித்து வைப்பது பெரும்பாலும் இவ்வாண்டுப் பூ ஓய்ந்த பின்வரும் சில வாரங்களிலேயாகும்.

நுவரெலியாவுக்குச் சென்று வருவோர் அங்கே நீலக் கொத்துக்களாக மலரும் அகபாந்தஸ் செடியைக் கண்டு ஆசைகொண்டு, அதன் கிழங்கைக் கொணர்ந்து நம் வளவில் நடுவதுண்டு. தென்னாபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அச்செடி, குளிர்ந்த மலைநாட்டில் செழிப்பதுபோல யாழ்ப்பாணத்து வெயிலிற் செழிப்பதில்லை. நமது மண்ணுக்கென்றே அமைந்த கிழங்குச் செடியொன்று கரவெட்டி வேலிகளிலே தானாகப் படர்கின்றது. அதுவே கார்த்திகைப்பூ. காந்தள் என்பதும் அதுவே. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லப்படும் 99 பூக்களுள் முதலிடம் பெற்றது இதுவாகும். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. ஆபிரிக்காவிலும் இது இயற்கையாக வளர்கின்றது; இன்று சிம்பாப்வே நாட்டின் தேசிய மலராக விளங்குகின்றது.

ஐப்பசி மழை மண்ணை நனைத்ததும் கிழங்கிலிருந்து முளை வெளிப்படும். இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு, பூவரசையும் கிளுவையையும் பற்றிக்கொண்டு கொடி மேலேறும். கார்த்திகையில் மலரும் பூவின் ஆறு இதழ்களும் முதலிற் பச்சையாகவும், பின் மஞ்சளாகவும், ஈற்றிற் செந்தீயாகவும் நிறம் மாறும். மழை ஓய்ந்து தை மாதம் பிறக்க, பூவும் ஓய்ந்து கொடி பழுக்கத் தொடங்கும்.

அவ்வேளையில் நாம் செய்யும் முதற் பிழை, கொடி அழகிழந்து விட்டதென்று அதனை அறுத்தெறிவதாகும். பச்சை இலை உள்ளவரை அது வெயிலின் துணைகொண்டு உணவு சமைத்துக் கிழங்குக்கு அனுப்புகின்றது. பழைய கிழங்கு ஆண்டுதோறும் சுருங்கி அழிய, அதனிடத்திலே புதுக் கிழங்கு உருவாகின்றது. இலையை அறுத்தால் அப்புதுக் கிழங்கு நலிந்துவிடும். மறு ஆண்டு கொடி வந்தாலும் பூ வராது. ஆகையால், கொடி முற்றாக மஞ்சளித்துத் தானே காயும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, காய்களைக் கவனித்தல். விதை வேண்டாதவர்கள் வாடிய பூக்களை உடனுக்குடன் கிள்ளிவிடலாம். விதைக்குச் செல்லும் உணவு அப்பொழுது கிழங்குக்கே சேரும். விதையிலிருந்து வரும் செடி பூப்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும் என்பதையும் நினைவிற் கொள்க.

மூன்றாவது, நீர். கொடி பழுக்கத் தொடங்கியதும் நீரைப் படிப்படியாகக் குறைத்து, காய்ந்தபின் அறவே நிறுத்திவிடல் வேண்டும். உறங்கும் கிழங்குக்கு ஈரமே பகை, அழுகிப்போகும். கத்தரிக்கும் வெண்டிக்கும் கிணற்று நீர் பாயும் வாய்க்காலோரத்தில் இது நிலைப்பது அரிது. வேலியோரத்துக் காய்ந்த மண்ணே இதற்கேற்ற இடம்.

நான்காவது, அடையாளம். கோடை முழுவதும் நிலத்தின்மேல் ஒன்றும் தெரியாது. வேலி அடைக்கும் காலத்தில் அலவாங்கும் மண்வெட்டியும் விழுந்து கிழங்கு சிதைந்துவிடும். ஆகவே கொடி நின்ற இடத்தில் ஒரு தடியை நாட்டி வைத்தல் நன்று.

இடம் மாற்ற விரும்புவோர் கொடி காய்ந்த பின்னர்க் கிழங்கைத் தோண்டலாம். அது கலப்பைபோல இரு கிளையாக வளைந்திருக்கும். கலப்பைக் கிழங்கு என்னும் பெயரும் அதனால் வந்ததே. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முளைக்கண் உண்டு. அந்நுனி முறிந்தால் அக்கிளை முளைக்காது. எனவே இழுத்துப் பிடுங்காது, சுற்றிலும் மண்ணை விலக்கி மெல்ல எடுத்து, உலர்ந்த மணலில் இட்டு நிழலிற் காத்து, மழைக்கு முன்னர் 5 முதல் 8 சென்ரிமீற்றர் ஆழத்திற் படுக்கையாக நடுதல் வேண்டும்.

நேயர்களே, இனிச் சொல்வது பூவழகிலும் முக்கியமானது. இச்செடி முழுவதும் நஞ்சு. கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. கொல்கிசின் என்னும் பொருளே அதற்குக் காரணம். 1820ஆம் ஆண்டில் பிரான்சிய அறிஞர்களால் வேறொரு செடியிலிருந்து முதன்முதற் பிரித்தெடுக்கப்பட்ட அப்பொருள், மிகச் சிறிய அளவிற் கீல்வாதத்துக்கு மருந்தாகின்றது. அதன் பொருட்டே தமிழ்நாட்டின் மூலனூர், தாராபுரம் முதலிய பகுதிகளில் உழவர்கள் இதனை விதைக்காகப் பயிரிடுகின்றனர். அளவு மீறினால் அதுவே உயிரைக் குடிக்கும். அவித்தாலும் நஞ்சு நீங்காது. வத்தாளைக் கிழங்கென்று மயங்கி உண்டு இறந்தோர் இலங்கையில் உளர்.

இராசவள்ளிக் கிழங்கு தோண்டும் காலமும் இக்கொடி காயும் காலமும் ஏறக்குறைய ஒன்றே. சில ஆண்டுகளுக்கு முன், பாடசாலை வேலியைத் துப்புரவு செய்த மாணவன் ஒருவன் இக்கிழங்கைத் தோண்டி, வீட்டுக்குக் கொண்டுசெல்வதற்காகக் கடகத்தில் இட்டு வைத்திருந்தான். அவ்வழியே வந்த முதியவர் ஒருவர் கண்டு தடுத்திராவிடில் என்ன நேர்ந்திருக்குமோ! பூவைச் செய்யுளிற் படிப்பித்த நான் கிழங்கைப் படிப்பிக்கவில்லையே என்று அன்று நாணினேன்.

ஆதலால், தோண்டிய கிழங்கைச் சமையலறைப் பக்கம் வைக்கலாகாது. தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. எவரேனும் உண்டுவிட்டால், சில மணி நேரத்தில் வாய் எரிவும் வாந்தியும் வயிற்றோட்டமும் காணும். அவை தோன்றும்வரை காத்திராது, கைவைத்தியத்திற் பொழுது போக்காது, எஞ்சிய கிழங்கையும் உடன்கொண்டு வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். வடமராட்சியில் உள்ளோருக்கு மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை அண்மையிலுண்டு.

நஞ்சென்று அஞ்சி வேலியிலுள்ள காந்தளையெல்லாம் அழித்துவிட வேண்டுவதில்லை. இலை காயப் பொறுத்திருங்கள், இடத்தை அடையாளமிடுங்கள், அடையாளத் தடியருகே பிள்ளைகளை அழைத்துச் சென்று, இஃது உண்ணும் கிழங்கன்று என்று சொல்லி வையுங்கள். வரும் கார்த்திகையில் பூவும் மலரும். பிள்ளைகளும் நலமாக நின்று அதனைக் காண்பார்கள்.