பொது அடைப்பில் வாழும் மான்கள்: கடமானை அறிதல்

ஏலூர்த் தீவைச் சூழ்ந்தோடும் பெரியாற்றின் கரையோரமாக மேல்நோக்கிச் சென்றால் கோடநாட்டை அடையலாம். அதனருகே காப்பிரிக்காட்டிலுள்ள அபயாரண்யத்தில் யானைகளோடு புள்ளிமான்களும் கடமான்களும் பராமரிக்கப்பட்டு வருகின்றன. பல இனப் பிராணிகளைக் காட்டும் இத்தகைய இடங்களில் பார்வையாளர் கண் முதலில் யானையையும் அடுத்துப் புள்ளிமானையும் நாடுகிறது. நிழலில் அசையாது படுத்திருக்கும் கடமானைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

தென் தமிழ்நாட்டில் மிளா எனப்படும் கடமான், இந்திய மான்களுள் மிகப் பெரியது. வளர்ந்த ஆண் 200 கிலோகிராமுக்கு மேலும் எடையுள்ளதாகும். பழுப்பு நிறமான முரட்டு உரோமமும், ஆணின் கழுத்தில் அடர்ந்த பிடரி மயிரும், ஒவ்வொரு கொம்பிலும் வழக்கமாக மூன்று கிளைகளும் இதன் அடையாளங்கள். புள்ளிமானுக்கு வெண்புள்ளிகள் வாழ்நாள் முழுதும் நிலைத்திருக்கும். கடமானுக்கோ கன்றுப் பருவத்திலும் அவை பொதுவாகத் தெளிவாகத் தோன்றுவதில்லை.

இவ்விரண்டும் ஒன்றாக வாழ முடிவதற்குக் காரணம் அவற்றின் பழக்க வேறுபாடேயாகும். புள்ளிமான் பெருங்கூட்டமாகத் திறந்த வெளியில் புல் மேயும். கடமான் தனித்தோ சிறு குழுவாகவோ திரிந்து, புல்லோடு தழையும் பட்டையும் உண்ணும். அந்தியிலும் இரவிலும் மிகுதியாக இயங்கும். ஆகவே பகலில் அது படுத்திருத்தல் நோயின் அறிகுறியன்று.

கடமானின் கழுத்தின் அடிப்புறத்தில் உரோமமற்றுச் சிவந்த ஒரு வட்டம் சில காலங்களில் தோன்றி, அதிலிருந்து நீர் கசிவதுண்டு. இதைப் புண்ணென்று கருதிப் பார்வையாளர் முறையிடுவர். இனப்பெருக்கக் காலத்தில் மிகுந்து காணப்படும் இது அவ்வினத்திற்கு இயல்பானதே. வேறிடத்தில் காயம் இருப்பின், அல்லது பிராணி தீனியை வெறுப்பின், உடனே கால்நடை மருத்துவருக்கு அறிவித்தல் வேண்டும்.

பராமரிப்பில் கருதத்தக்கன சில உண்டு. தீனியை ஒரே இடத்தில் வைத்தால் வலியன உண்டு, எளியன பட்டினி கிடக்கும்; ஆதலின் ஒன்றுக்கொன்று தொலைவில் பல தொட்டிகள் வேண்டும். கடமானுக்குச் சேற்றில் புரளும் குட்டையும் அடர்ந்த நிழலும் இன்றியமையாதவை. கொம்பு முற்றிய ஆண்கள் பிறவற்றைக் குத்திக் காயப்படுத்தலாம். அவற்றைப் பிரித்து வைக்கத் தனியிடம் தேவை. மான்களுக்குக் காசநோய் பரவக்கூடுமாகையால், புதிய பிராணியைச் சோதித்த பின்னரே சேர்த்தல் வேண்டும். நெருங்கிய இனங்களைக் கலந்து வைத்தலும் ஆபத்தாகும். புள்ளிமானும் பன்றிமானும் அடைப்பில் கலந்து கலப்பினக் கன்றுகளை ஈனுவதுண்டு. பன்றிமானோ உலக அளவில் அருகிவரும் இனம். கலப்பினால் அதன் தூய மரபு கெடும்.

கவர்ச்சியற்ற இனத்தைக் கவனியாமல் விடுவது இழப்பிற்கு வழியாகும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008-இல் கடமானை ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனமென வகைப்படுத்தியது. கண்ணைக் கவரும் புள்ளிமானுக்கு அத்தகைய ஆபத்து இல்லை. சீனத்தில் இயற்கை வாழ்விடங்களிலிருந்து மறைந்துபோன தாவீது மான், இங்கிலாந்தில் வோபர்ன் என்ற தோட்டத்தில் காப்பாற்றப்பட்ட மந்தையால் பிழைத்து, 1985-இல் தாயகம் திரும்பியது.

ஆசிரியர்கள் மாணவரைக் காலையிலோ மாலையிலோ அழைத்துச் செல்வது நலம். இனம், ஆண், பெண், கன்று என்று தனித்தனியே எண்ணச் செய்து, பத்து நிமிடங்களுக்கொரு முறை ஒவ்வொன்றும் என்ன செய்கிறதென்று குறிக்கச் செய்யலாம். காலைத் தரையில் தட்டி, வாலைத் தூக்கி, உரக்கக் குரலெழுப்பும் கடமானைக் கண்டால், அது அச்சத்தால் எச்சரிக்கிறதென அறிந்து, அனைவரும் அமைதியாக விலக வேண்டும்.