விட்டுப்போன பாடம் எது?

"இவனுக்குக் கணக்கு ஓடாது. தோட்டத்துக்குத்தான் சரி" என்று ஒரு தகப்பன் எம்மிடம் சலித்துக்கொண்டார். மகனின் கொப்பியைப் புரட்டினோம். குடும்பம் இருமுறை இடம்பெயர்ந்திருந்தது. பின்னம் படிப்பித்த நாட்களில் பையன் எந்த வகுப்பிலும் இருக்கவில்லை. மூளையில் குறையில்லை, பாடந்தான் விட்டுப்போயிருந்தது.

இப்படி எத்தனை பிள்ளைகள் 'மக்கு' என்ற பெயரோடு படிப்பை விட்டுவிடுகிறார்கள்!

பெற்றோரே, அரச பாடசாலைகளுக்கெல்லாம் பாடத்திட்டம் ஒன்றே. அதைத் தேசிய கல்வி நிறுவகம் தயாரிக்கிறது. 1980 முதல் அரசு இலவசமாகத் தரும் பாடநூல்களும் அதன்படியே எழுதப்படுகின்றன. ஆகவே, எந்த ஊருக்குப் போனாலும் அதே புத்தகந்தான்.

கணக்குப் புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பிள்ளையைக் கொண்டு வாசிப்பியுங்கள். படித்த பாடத்துக்குச் 'சரி' போடட்டும். விட்டுப்போனதைச் சுற்றி வட்டம் போடட்டும். அதை வகுப்பாசிரியரிடம் காட்டி, "இவை விட்டுப்போயின, எதிலிருந்து தொடங்கலாம்?" என்று கேளுங்கள். சென்ற வருடப் புத்தகத்தையும் இப்படிப் பாருங்கள். எழுத்தறியாத பெற்றோரும் இதைச் செய்யலாம்.

வீட்டிலும் உதவலாம். ஓர் ஏக்கர் 16 பரப்பு. "4 பரப்பில் வெங்காயம் நட்டால், அது ஏக்கரில் எத்தனை பங்கு?" என்று கேளுங்கள். "கால்" என்று பிள்ளை சொல்லும். அந்தக் காலைத்தான் புத்தகம் நான்கில் ஒன்று என்கிறது. பின்னம் உங்களுக்குத் தெரியாததல்ல.

அந்தத் தகப்பனும் மகனும் இப்படித்தான் தொடங்கினார்கள்.

நாற்றுப் பிடிக்காத இடத்தில் நாம் மறுபடி நடுகிறோம், வயலையே கைவிடுவதில்லை. பிள்ளையின் படிப்பையும் அப்படியே பார்ப்போம்.