வீங்கிய கையை முடக்கி வைக்க வேண்டாம்

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்து பல மாதங்கள் சென்றபின், "வளையல் இறுகுகிறது, ரவிக்கையின் கை ஏறவில்லை, மாலையானால் கை கனக்கிறது" என்று கூறும் பெண்கள் உண்டு. அக்கையை அசைக்கவே அவர்களுள் பலர் அஞ்சுகின்றனர். "கையை ஆட்டாதே" என்று வீட்டாரும் தடுக்கின்றனர். அன்பினால் கூறப்படும் இந்த அறிவுரையே வீக்கம் வளரவும் தோள்மூட்டு இறுகவும் காரணமாகிவிடக்கூடும்.

ஏன் வீங்குகிறது?

கையின் திசுக்களில் சேரும் நீரின் ஒரு பகுதி, நிணநீராக நுண்குழாய்களின் வழியே அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களைக் கடந்து இரத்தத்தில் கலக்கிறது. அக்கணுக்களை அகற்றும்போதும், அவ்விடத்தில் கதிர்வீச்சு அளிக்கும்போதும் இந்த வடிகால் குறைகிறது. கலிங்கு அடைபட்ட கண்மாயைப் போலக் கையில் நிணநீர் தேங்குகிறது. அக்குள் கணுக்கள் பெருமளவில் அகற்றப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இது நேரலாம். சில ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம். இது பிறருக்குத் தொற்றாது.

தொடக்கத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும். கையை உயர்த்தி வைத்தால் வீக்கம் வடியும். காலம் தாழ்த்தினால் தோல் தடித்து இறுகிவிடும். எனவே மாதம் ஒருமுறை இரு கைகளின் சுற்றளவையும் ஒரே இடங்களில் அளந்து ஒப்பிடுங்கள். புதிதாக 2 செ.மீ. வேறுபாடு தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிகிச்சையின் நான்கு கூறுகள்

தோல் பராமரிப்பு: சிறு கீறல் வழியாகவும் கிருமி புகுந்து வீக்கத்தைப் பெருக்கும். சீமைக் கருவேல முள் வெட்டும்போதும், களை பறிக்கும்போதும் கையுறை அணியுங்கள். ஆதனக்கோட்டைப் பகுதியில் முந்திரிக் கொட்டை உடைப்போர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும்.

நிணநீர் நீவல்: தோல் மட்டும் நகருமாறு மென்மையாக நீவி, நிணநீரை மாற்று வழியில் செலுத்தும் முறை இது. தைலமிட்டு அழுத்தி உருவுவது இதுவன்று; அது தீங்கு விளைவிக்கலாம். இயன்முறை மருத்துவரிடம் கற்று நீங்களே செய்யலாம்.

அழுத்தக் கட்டு: முதற்கட்டத்தில் சில வாரங்கள் பல அடுக்குக் கட்டு இடப்படும். வீக்கம் குறைந்தபின் அளவெடுத்த அழுத்த உறையைப் பகலில் அணிய வேண்டும். கடையில் வாங்கிய சாதாரணக் கட்டுத்துணியை நீங்களே இறுகச் சுற்றாதீர்கள்.

உடற்பயிற்சி: தசை சுருங்கி விரியும்போது நிணநீர் மேலேறுகிறது. விரல்களை மூடித் திறத்தல், முழங்கையை மடக்கி நீட்டுதல், சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறுதல், ஆழ்ந்து மூச்சு விடுதல் ஆகியவை எளியவை. அமெரிக்காவில் கைவீக்கமுள்ள 141 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2009-இல் வெளியானது. அழுத்த உறை அணிந்து, மேற்பார்வையில் சிறு எடையில் தொடங்கி மெல்லக் கூட்டி ஓராண்டு எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீர்ப் பெருக்கமும் குறைவாகவே நேர்ந்தது. ஆகவே குடம் தூக்குவது என்றென்றும் விலக்கன்று. அரைக்குடத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். கை கனத்தால் நிறுத்துங்கள்.

நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள் இவ்வீக்கத்திற்குத் தீர்வல்ல.

உடனே வர வேண்டிய நிலைகள்

கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்; அது கடும் தொற்றாக இருக்கலாம். அப்போது கட்டும் நீவலும் கூடாது. திடீர் வீக்கம், கடும் வலி, அக்குளில் புதிய கட்டி ஆகியவற்றையும் புறக்கணிக்காதீர்கள்.

நெடுந்தொலைவு வர இயலாதோர் தம் ஊர்ச் சுகாதாரப் பணியாளரை அணுகலாம். 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு.

இவ்வீக்கத்தை முற்றிலும் நீக்க இயலாமற் போகலாம், கட்டுப்படுத்த இயலும். குடும்பத்தினர் கையை ஆட்டாதே என்பதற்கு மாறாக, "இன்று பயிற்சி செய்தாயா?" என்று கேளுங்கள்.