ஆர்மீனியவியல் ஆய்வுகளை உலக ஆய்வாளர்களிடம் கொண்டு சேர்த்தல்

ஆர்மீனியவியல் என்பது ஆர்மீனிய மக்களின் மொழி, இலக்கியம், வரலாறு, சமயம், கலை ஆகியவற்றை ஆராயும் துறையாகும். கி.பி. 405ஆம் ஆண்டளவில் மெஸ்ரோப் மாஷ்தொத்ஸ் 36 எழுத்துகள் கொண்ட ஆர்மீனிய நெடுங்கணக்கை உருவாக்கினார். அன்று முதல் இன்றுவரை அம்மொழியில் எழுத்து மரபு தொடர்கிறது. எனவே இத்துறையில் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. அச்சான்றுகள் பல நாடுகளில் சிதறிக் கிடப்பதும், அவற்றைப் பற்றிய ஆய்வுகள் சிலரே படிக்கக்கூடிய மொழிகளில் இருப்பதுமே இத்துறையின் சிக்கல்கள்.

பிற துறையினருக்கு இதன் தேவை

ஆர்மீனியச் சுவடிகள் ஆர்மீனிய வரலாற்றை மட்டும் கூறுவன அல்ல. கிரேக்க மூலம் அழிந்துபோன சில நூல்கள் ஆர்மீனிய மொழிபெயர்ப்பில் மட்டுமே பிழைத்துள்ளன. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறித்தவ அறிஞர் இரேனியசு எழுதிய, திருத்தூதர்களின் போதனையை விளக்கும் நூல் அவற்றுள் ஒன்று. பல நூற்றாண்டுகளாகப் பெயரளவில் மட்டும் அறியப்பட்டிருந்த அந்நூலின் ஆர்மீனியப் படி 1904இல் யெரெவானில் கண்டெடுக்கப்பட்டது. 1907இல் அது ஜெர்மன் மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்கப்பட்ட பிறகே ஆர்மீனியம் அறியாத அறிஞர்கள் அதைப் படிக்க முடிந்தது. எழுதப்பட்ட ஏடு அழியாமல் இருந்தால் மட்டும் போதாது, அதைத் தேடுபவருக்குத் தெரிந்த மொழியில் ஒரு வழி இருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆர்மீனியச் சுவடிகளின் இறுதியில் எழுதுபவர் தம் குறிப்பைச் சேர்ப்பது வழக்கம். சுவடி எழுதப்பட்ட ஆண்டு, ஊர், எழுதச் செய்தவர் பெயர் ஆகியவற்றோடு அக்காலத்துப் போர், பஞ்சம், வரிச்சுமை பற்றிய செய்திகளும் அதில் இடம்பெறும். மங்கோலியர், துருக்கியர், பாரசீகர் வரலாற்றை ஆராய்பவர்களுக்கும் இவை நேரடிச் சான்றுகளாகும். அவேதிஸ் சஞ்ஜியான் 1301 முதல் 1480 வரையிலான குறிப்புகளில் ஒரு பகுதியைத் தேர்ந்து, 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

சிதறிய சேகரிப்புகள்

யெரெவானில் உள்ள மாத்தெனாதரான் சுவடி நிலையத்தில் சுமார் 23,000 சுவடிகளும் சுருள்களும் உள்ளன. இச்சேகரிப்பு 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. எருசலேமில் உள்ள ஆர்மீனியப் புனித யாக்கோபு மடமும் பெரிய சேகரிப்பைக் கொண்டது. மெகித்தார் துறவியர் 1717இல் வெனிசு நகரை ஒட்டிய சான் லாசரோ தீவில் மடம் அமைத்தனர். அங்கும் வியன்னாவிலும் உள்ள அவர்களது மடங்கள் சுவடிகளைக் காத்துவருவதோடு பதிப்பும் செய்தன. வெனிசிலிருந்து 1843 முதல் 'பஸ்மாவேப்' இதழும், வியன்னாவிலிருந்து 1887 முதல் 'ஹாந்தெஸ் அம்சோர்யா' இதழும் வெளிவந்தன.

இச்சிதறலுக்குப் புலம்பெயர்வு ஒரு காரணம், அழிவு இன்னொரு காரணம். 1915இல் உதுமானியப் பேரரசில் நிகழ்ந்த இனப்படுகொலையின்போது எண்ணற்ற சுவடிகள் மடங்களோடு அழிந்தன. சுமார் 28 கிலோ எடையுள்ள 'மூஷ் நகரின் மறையுரைகள்' என்ற பெருஞ்சுவடியை இரு பெண்கள் இரண்டாகப் பிரித்துச் சுமந்து சென்று காத்ததாக வரலாறு வழங்குகிறது. அது இன்று மாத்தெனாதரானில் உள்ளது.

மொழித் தடை

பழைய நூல்கள் 'கிரபார்' எனப்படும் செவ்வியல் ஆர்மீனியத்தில் உள்ளன. இக்கால மொழி கிழக்கு ஆர்மீனியம், மேற்கு ஆர்மீனியம் என இரண்டாகப் பிரிந்துள்ளது. புலம்பெயர்ந்தோரிடையே வழங்கும் மேற்கு ஆர்மீனியம் அழியும் நிலையிலுள்ள மொழிகளுள் ஒன்றாக யுனெஸ்கோவால் குறிக்கப்பட்டுள்ளது. அதைப் படிப்போர் குறையக் குறைய அம்மொழியில் வெளிவந்த இதழ்கள், நினைவு நூல்கள், ஊர் வரலாறுகள் ஆகியவற்றைப் பயன்படுத்துவோரும் குறைவர். ஆய்வுகளின் மொழி இன்னும் பலவாகும். சோவியத் காலத்து ஆய்வுகளிற் பெரும்பகுதி ஆர்மீனியத்திலும் உருசிய மொழியிலும் உள்ளது. 1920இல் பாரிசில் தொடங்கப்பட்ட ஆர்மீனியவியல் ஆய்விதழ் பிரெஞ்சுப் பெயரிலேயே அறியப்படுகிறது. ஜெர்மன், இத்தாலிய மொழிகளிலும் அடிப்படையான ஆய்வுகள் உள்ளன.

பெயர்களும் எழுத்துக்கூட்டலும்

நூலகப் பட்டியலில் தேடுபவருக்கு வேறொரு இடர் உண்டு. தமிழில் 'பழம்', 'கம்பம்' ஆகிய சொற்களில் ஒரே பகரம் இருவேறு விதமாக ஒலிக்கிறது. அதுபோல ஆர்மீனிய எழுத்துகள் சிலவற்றைக் கிழக்கத்தியர் ஒருவிதமாகவும் மேற்கத்தியர் வேறுவிதமாகவும் ஒலிப்பர். 'பெத்ரோஸ்' என்ற பெயரின் முதலெழுத்து கிழக்கு வழக்கில் 'பழம்' என்பதிலுள்ள ஒலியையும், மேற்கு வழக்கில் 'கம்பம்' என்பதிலுள்ள ஒலியையும் பெறுகிறது. இலத்தீன் எழுத்தில் எழுதும்போது இவை இரண்டு வேறு எழுத்துகளாகிவிடுவதால், ஒரே ஆசிரியர் பட்டியலில் இரு வேறு இடங்களில் நிற்பார்.

ஆர்மீனிய எழுத்திலேயே தேடினாலும் இச்சிக்கல் முழுமையாகத் தீராது. சோவியத் ஆர்மீனியாவில் 1922இல் எழுத்துக்கூட்டல் மாற்றப்பட்டது. புலம்பெயர்ந்தோரிற் பெரும்பாலோர் பழைய முறையையே பின்பற்றுகின்றனர். ஒலிபெயர்ப்புக்கும் மொழியியலாளர் முறை, அமெரிக்கக் காங்கிரசு நூலக முறை, பன்னாட்டுத் தர முறை எனப் பல முறைகள் வழக்கில் உள்ளன.

தடைகளைக் குறைக்கும் வழிகள்

- எண்ணிமப்படுத்தல்: சுவடிகளையும் பழைய இதழ்களையும் படமெடுத்து இணையத்தில் இடுதல். படம் மட்டும் இருந்தால் அதனுள் சொற்களைத் தேட இயலாது. ஆகவே அச்செழுத்தையும் கையெழுத்தையும் கணினி தானே படித்தறியும் நுட்பமும் உடன் தேவைப்படுகிறது.
- இணைந்த பட்டியல்: ஒரு பெயரின் எல்லா வடிவங்களையும் ஒரே பதிவின்கீழ் இணைத்தல். செலவு குறைந்த இப்பணியால் கிடைக்கும் பயன் பெரிது.
- பிறமொழிச் சுருக்கம்: ஆர்மீனியத்தில் வெளியாகும் கட்டுரைக்கு ஆங்கிலத் தலைப்பும் சுருக்கமும் சேர்த்தல்.
- மொழிபெயர்ப்பு: மோவ்செஸ் கொரெனாத்சியின் ஆர்மீனிய வரலாற்றை ராபர்ட் தாம்சன் விரிவான குறிப்புகளுடன் ஆங்கிலத்தில் 1978இல் வெளியிட்டார். அதனால் ஆர்மீனியம் கற்காத வரலாற்று மாணவர்களும் அந்நூலை ஆராய வழி கிடைத்தது.

சென்னையும் ஆர்மீனிய அச்சும்

உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் சென்னையில் தொடங்கியது. அருட்தந்தை ஹாருத்யூன் ஷ்மவோனியான் அதை நடத்தினார். 1796 வரை 18 இதழ்கள் வெளிவந்தன. அதற்கு முன்பே, 1772இல், ஷாஹமிர் ஷாஹமிரியான் குடும்பத்தினர் இந்நகரில் ஆர்மீனிய அச்சகம் நிறுவியிருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையின் வணிகர்களைப் பற்றி ஆராயும் மாணவருக்கு இவ்வெளியீடுகள் முதன்மைச் சான்றுகள். ஆனால் ஆர்மீனியம் தெரியாதவரை, தம் ஊரில் அச்சான ஏட்டையே அவரால் படிக்க இயலாது.

இருவழிப் பாதை

அணுகல் என்பது வெளிநாட்டு ஆய்வாளர் ஆர்மீனியச் சான்றுகளை அடைவது மட்டுமன்று. வெளிநாட்டில் அச்சாகும் விலைமிக்க நூல்களையும் கட்டண இதழ்களையும் ஆர்மீனியாவிலுள்ள மாணவர் எளிதில் அடைய இயல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்ற நிலை வந்தால், ஆர்மீனியத்தில் ஆய்வெழுதும் மரபே நலியும். ஆகவே ஆய்வு ஆர்மீனியத்தில் தொடர்வதும், அதற்கான சுருக்கமும் பட்டியலும் மொழிபெயர்ப்பும் பிற மொழிகளில் கிடைப்பதும் ஒருசேர நிகழ வேண்டியவை.