வாழைப்பழம் மணக்காத கோதுமை பியர்

பியருக்கும் மதிப்பெண் உண்டா என்று கேட்டால், உண்டு, ஐம்பதுக்குப் போடுவார்கள். அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் காய்ச்சுவதை மத்தியச் சட்டம் அனுமதித்தது 1979-இல்தான். காய்ச்சியவர்கள் தங்கள் பியரைப் போட்டிகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். வருகிற பியர்களை ஒரே அளவுகோலால் மதிப்பிடப் பயிற்சி பெற்ற ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதற்காக 1985-இல் தொடங்கப்பட்டதுதான் பிஜேசிபி என்ற பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டம். நடுவராக விரும்புகிறவர் முதலில் இணையவழித் தேர்வில் தேற வேண்டும். பிறகு 90 நிமிடத்தில் 6 பியர்களைச் சுவைத்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்ணும் குறிப்பும் எழுதிக் காட்ட வேண்டும்.

இந்த மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று விளக்க, அமெரிக்கக் கோதுமை பியரை எடுத்துக்கொள்கிறேன். நன்றாக வறுத்த மால்ட்டோ (முளைகட்டி உலர்த்திய தானியம்), அள்ளிப் போட்ட ஹாப்ஸோ (கசப்பும் மணமும் தரும் பூ) உள்ள பியரில் சின்னக் குறைகள் அடியில் மறைந்துவிடும். இதில் மறைய இடமே கிடையாது. ஆல்கஹால் 4 முதல் 5.5 சதவீதம் வரைதான். கசப்பை அளக்கும் ஐபியு கணக்கில் 15 முதல் 30 வரை இருக்கும். கசப்புக்குப் பேர்போன அமெரிக்க ஐபிஏ வகைக்கு அதுவே 40 முதல் 70. மென்மையான பியர்தானே, சுலபமாக மதிப்பிட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் நடுவரின் நிதானத்தை இதைப்போலச் சோதிக்கும் பியர் குறைவு.

இதைப் புரிந்துகொள்ள ஜெர்மனியிலிருந்து தொடங்க வேண்டும். பவேரியாவின் கோதுமை பியரில் மால்ட்டில் பாதியாவது கோதுமையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அதன் அடையாளம் கோதுமையைவிட ஈஸ்ட்டில்தான் இருக்கிறது. அந்த ஈஸ்ட் நொதிக்கும்போது ஐசோஅமைல் அசிடேட்டைத் தாராளமாக உண்டாக்கும். அதன் மணம் பழுத்த வாழைப்பழம். தானியத்தில் இருக்கும் ஃபெருலிக் அமிலத்தை 4-வினைல் குவாயகாலாகவும் மாற்றும். அது கிராம்பாக மணக்கும். பவேரிய கோதுமை பியர் குடித்துப் பழகியவர்கள் இந்த இரண்டு மணங்களையும் கோதுமையின் மணம் என்றே நினைத்துக்கொள்வதுண்டு. இரண்டுமே ஈஸ்ட் செய்யும் வேலை.

அமெரிக்க வழி வேறு. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் கர்ட் விட்மர், ராப் விட்மர் என்ற சகோதரர்கள் 1984-இல் ஒரு சிறிய பியர் ஆலையைத் தொடங்கினார்கள். உள்ளூர் பப் உரிமையாளர் ஒருவர் புதிதாக இன்னொரு பியர் கேட்டார். அவர்களிடம் அதற்குத் தனியாக நொதிகலன் இல்லை. ஏற்கெனவே வடிகட்டி விற்றுவந்த கோதுமை பியரையே 1986-இல் வடிகட்டாமல் கலங்கலாகக் கொடுத்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது டுசல்டார்ஃப் நகரத்து ஆல்ட்பியர் ஈஸ்ட். அது வாழைப்பழமோ கிராம்போ மணக்கவிடாமல் சுத்தமாக நொதிக்கும். ஹெஃபவைசன் என்ற ஜெர்மன் பெயரிலேயே அந்த பியர் புகழ்பெற்றது; விளிம்பில் எலுமிச்சைத் துண்டு செருகிக் கொடுப்பதும் பழக்கமானது. கன்சாஸ் சிட்டியின் பூல்வார்ட் ஆலையின் கோதுமை பியர், மிச்சிகனில் பெல்ஸ் ஆலையின் ஓபரான் எல்லாம் இதே குடும்பம்.

ஆக, இந்த வகையின் இலக்கணம் இதுதான். கோதுமை பெரும்பாலும் 30 முதல் 50 சதவீதம், சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். ஈஸ்ட் ஒதுங்கி நிற்க வேண்டும். அது விட்டுக்கொடுத்த இடத்தில் தானியமும் ஹாப்ஸும் பேச வேண்டும்.

இப்போது சுவைப்போம். பியர் மிகவும் குளிர்ந்திருந்தால் மணம் எழாது. 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் ஏற்றது. கண்ணாடி டம்ளரில் சோப்போ எண்ணெயோ துளியும் ஒட்டியிருக்கக் கூடாது. இருந்தால் நுரை அடங்கிவிடும், பழியைப் பியர் சுமக்கும். எலுமிச்சையும் வேண்டாம். அதன் வாசனை ஹாப்ஸின் வாசனையை மூடிவிடும்.

ஊற்றியதும் கண்ணுக்கு முன் மூக்குக்கு வேலை கொடுங்கள். சில மணங்கள் முதல் நிமிடத்திலேயே பறந்துவிடும். டம்ளரை லேசாகச் சுழற்றி, அதன் வாயை உள்ளங்கையால் மூடித் திறந்து முகருங்கள். சப்பாத்திக்குப் பிசைந்து வைத்த மாவின் வாசம், அல்லது புதிய ரொட்டியின் வாசம் வர வேண்டும். கூடவே ஹாப்ஸின் மணம் வரலாம். 1972-இல் ஓரிகனிலிருந்து அறிமுகமான காஸ்கேட் போன்ற ஹாப்ஸ் என்றால் கிரேப்ஃப்ரூட்டும் பூவும் கலந்த மணம். வேறு ரகங்களில் காரமான மூலிகை மணம். எல்லாம் வகைக்குள் அடங்கும். மணத்துக்கு 12 மதிப்பெண்.

அடுத்து தோற்றம். வைக்கோல் மஞ்சளிலிருந்து பொன் நிறம் வரை இருக்கலாம். நுரை வெள்ளையாகத் தடித்து, நீண்ட நேரம் நிற்க வேண்டும். கோதுமையின் புரதம்தான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. கலங்கலாக இருந்தாலும் சரி, பளிச்சென்று தெளிந்திருந்தாலும் சரி. ஜெர்மன் பியரை மனதில் வைத்துக்கொண்டு, தெளிவாக இருக்கிறதே என்று மதிப்பெண் குறைப்பது தவறு. தோற்றத்துக்கு மொத்தமே 3 மதிப்பெண்தான். கண்ணை இந்த அளவுக்கு மேல் நம்பவேண்டாம் என்று மதிப்பீட்டுத் தாளே சொல்லிக்கொடுக்கிறது.

சுவைக்கு 20. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏலக்காய் டீ ஒன்றை மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். இனிப்பும் லேசான துவர்ப்பும் மட்டும் தெரியும். மூக்கை விட்டதும் ஏலக்காய் வந்துவிடும். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி தொண்டைவழியே மூக்குக்குப் போகும் மணம். அதனால்தான் பியர் நடுவர்கள் பொதுவாகத் துப்புவதில்லை; சிறிதளவு விழுங்கி, மூச்சை மூக்குவழியே விட்டு, கடைசியில் என்ன தங்குகிறது என்று பார்க்கிறார்கள். ஒரு பியருக்கும் அடுத்ததற்கும் இடையில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும் போதும்.

தானியச் சுவை முன்னால் வந்து, கசப்பு அதைத் தாங்கும் அளவுக்கு மட்டும் பின்னால் நின்று, முடிவு சுத்தமாக இருக்க வேண்டும். வாயில் அது எப்படி உட்காருகிறது என்பதற்கு 5: கேஸ் தாராளமாக, அடர்த்தி லேசாக, கோதுமை தரும் மெத்தென்ற தன்மை கொஞ்சமாக. ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10.

குறைகளைத் தேடும்போதுதான் இந்த பியரின் எளிமை நடுவருக்கு உதவுகிறது. வெண்ணெய் மணந்தால் டைஅசிட்டைல். நொதித்தல் முடியும் முன்பே ஈஸ்ட்டை அவசரப்படுத்தியிருக்கலாம். பச்சை ஆப்பிள் மணந்தால் அசிட்டால்டிஹைடு. பியர் இன்னும் பக்குவப்படவில்லை. வேகவைத்த மக்காச்சோளம் மணந்தால் டிஎம்எஸ், கொதி போதவில்லை. நனைந்த அட்டைப்பெட்டி என்றால் காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது. வெயில் பட்ட பாட்டிலில் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து, ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம் வரும். ஒவ்வொரு மணமும் ஆலையில் நடந்த ஒரு செயலைக் காட்டுகிறது. அந்தச் செயல்வரை போய்ப் பார்த்துச் சொல்வதுதான் நல்ல நடுவருக்கு அழகு.

இனி மிகக் கடினமான இடம். மேசைக்கு ஒரு பியர் வருகிறது. வாழைப்பழமும் கிராம்பும் அழகாக மணக்கின்றன. குடிக்க அருமையாக இருக்கிறது. அதற்கு எத்தனை மதிப்பெண்? அமெரிக்கக் கோதுமை பியர் என்று பதிவு செய்திருந்தால் கணிசமாகக் குறைக்கத்தான் வேண்டும். பியர் நன்றாக இல்லை என்பதற்காக அல்ல, தான் என்னவாக வந்திருக்கிறேன் என்று சொன்னதோ அதுவாக அது இல்லை என்பதற்காக. அந்த வகைக்கு ஒழுங்காகக் காய்ச்சி அனுப்பிய மற்றவர்களுக்குச் செய்யவேண்டிய நியாயம் அது.

ஆனால் எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்தால் வேலை பாதியில் நிற்கிறது. "வாழைப்பழ மணம் அதிகம், இந்த வகைக்குப் பொருந்தாது" என்பது தீர்ப்பு மட்டுமே. "சுத்தமாக நொதிக்கும் அமெரிக்க ஏல் ஈஸ்ட்டைப் பயன்படுத்துங்கள், நொதிக்கும் வெப்பநிலையைக் கட்டுக்குள் வையுங்கள், இதே பியரை ஜெர்மன் கோதுமை வகையில் அனுப்பினால் நல்ல வரவேற்பு இருக்கும்" என்பது உதவி. வாரக்கணக்கில் உழைத்துக் காய்ச்சியவர் அந்தத் தாளுக்காகத்தான் பியரை அனுப்புகிறார். உங்கள் விருப்பு வெறுப்பு அவருக்குத் தேவையில்லை. தன் பியரில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது, அடுத்த முறை எதை மாற்றலாம் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்தால் போதும். அவரால் அடுத்த பியரை இதைவிட நன்றாகக் காய்ச்ச முடியும்.